மலையில் மட்டும் 'ஒண்ணுமில்லை' வேண்டாம்!

"இந்த வயசுல உனக்கு மலையேற்றம் ஒரு கேடா?" என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை. என் அம்மாவில் ஆரம்பித்து, வாசலுக்குக் கீரை கொண்டு வரும் அம்மாள் வரை கேட்டாகிவிட்டது. எனக்கு வயது 46. என்னோடு வந்த என் ஓரகத்திக்கு 52. சென்ற இதழில் போகிற போக்கில், 'இமயமலைக்குப் போய் வந்தேன்' என்று ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான்! எங்கே போனீர்கள், முழங்கால் தாங்குமா, மூச்சு முட்டுமா, பெண்கள் தனியாகப் போகலாமா என்று கடிதத்துக்கு மேல் கடிதம். ஆகவே சகோதரிகளே, இந்த முறை அடுப்படியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு மலைக்குப் போவோம், வாருங்கள்.

நாங்கள் போனது உத்தராகண்ட் மாநிலம், சமோலி மாவட்டத்திலிருக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்கும், அதற்குப் பக்கத்திலேயே உயரத்திலிருக்கும் ஹேம்குண்ட் சாஹிபுக்கும். 2024 ஆகஸ்ட் முதல் வாரம். மொத்தம் 12 பேர் கொண்ட குழு. அந்த மாவட்டத்தைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர், அவருக்கு உதவியாக ஒரு பையன். குழுவில் பெண்கள் ஏழு பேர். திருச்சியிலிருந்து போனது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். இரண்டு வருஷம் கட்டிய சீட்டுப் பணம் இதற்கென்றே எடுத்து வைத்தது. என் வீட்டுக்காரர், "போறதுன்னா போ, முழங்காலை மட்டும் பத்திரமா திருப்பிக் கொண்டு வா" என்றார்.

முதலில் உடம்பைத் தயார் பண்ணிக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். நாலு மாதம் முன்பே டாக்டரிடம் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்துக்கொண்டோம். நம் வயதுப் பெண்களுக்கு மாதவிலக்கு முன்னே பின்னே வந்து, போக்கும் ஜாஸ்தியாகிற காலம் இது. ரத்தம் குறைவாக இருந்தால் சமதரையிலேயே மூச்சு வாங்கும். மலையில் கேட்க வேண்டாம். எனக்கு 10-க்குக் கீழே இருந்தது. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சம்பழச் சாற்றோடு சாப்பிட்டேன். காபி, டீ குடிக்கும் நேரத்தில் அதைச் சாப்பிடக் கூடாது, சத்து ஒட்டாது. மலைக்கோட்டைப் படிகளை வாரத்தில் மூன்று நாள் ஏறி இறங்கினோம். உச்சிப் பிள்ளையாரே எங்களுக்குப் பயிற்சி ஆசிரியர்! ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

மலைப்பாதையில் ஒரு நாள்

ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர்தான். ஆனால் வேனில் முழுப் பகல் ஆகிறது. வழியெல்லாம் நதிகள் சேருகிற சங்கமங்கள். தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கலந்து, அங்கிருந்துதான் கங்கை என்ற பெயர் வருகிறது. பிறகு ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை. பத்ரிநாத யாத்திரை போன வைணவக் குடும்பங்களுக்கெல்லாம் இந்த வழி அத்துப்படி. ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசங்கள் இந்தப் பாதையில்தானே இருக்கின்றன!

மழைக் காலம் என்பதால் நடுவில் ஓரிடத்தில் பாறை சரிந்து, மூன்று மணி நேரம் சாலையிலேயே உட்கார்ந்திருந்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை. இந்த மலைகள் இளம் மலைகள், மண்ணும் கல்லும் சுலபத்தில் சரியும் என்றார் வழிகாட்டி. 2013 வெள்ளத்தில் நாங்கள் நடக்கப்போகிற பாதையில் பெரும்பகுதி அடித்துக்கொண்டு போய், பிறகு புதிதாகப் போட்டார்களாம். ஜோஷிமட்டிலேயே 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் கண்டு, ஜனங்களை வேறிடம் மாற்றினார்கள். அந்த ஊருக்கு 2024-ல் ஜோதிர்மட் என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள். வாயில் வருவதென்னவோ இன்னும் ஜோஷிமட்தான்.

இன்னொரு விஷயம் சொன்னார். கேட்டு எனக்கு மெய்சிலிர்த்தது. ஜோஷிமட்டுக்குப் பக்கத்தில் ரேணி என்று ஒரு கிராமம். 1974 மார்ச் 26-ஆம் தேதி, ஊரில் ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து மரம் வெட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். கௌரா தேவி என்ற அம்மாள் ஊர்ப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய், மரங்களைக் கட்டிக்கொண்டு நின்று தடுத்தார். சிப்கோ இயக்கம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் நம் பிள்ளைகள் படிக்கிறார்களே, அதில் பேர்போன சம்பவம் இதுதான். அப்போது கௌரா தேவிக்கு நாற்பதுகளின் கடைசி. "பாத்துக்கோ, நம்ம வயசுதான்!" என்று என் ஓரகத்தியின் விலாவில் இடித்தேன்.

யார் மெதுவோ அவர் முன்னால்

மறுநாள் கோவிந்தகாட் போய், அங்கிருந்து ஜீப்பில் புல்னா. அதற்கு மேல் வண்டி கிடையாது. காங்கரியா என்ற ஊர் வரை ஒன்பது, பத்து கிலோமீட்டர் நடை. நடக்க முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதை உண்டு. முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு அதில் ஆளை உட்கார வைத்துத் தூக்கிப் போகிறவர்களும் உண்டு, 'கண்டி' என்கிறார்கள். என்னைவிட எடை குறைந்த ஒரு மனிதர் என்னைவிடப் பெரிய ஓர் அம்மாளைச் சுமந்துகொண்டு போனதைப் பார்த்தபோது மனசு என்னவோ செய்தது.

கிளம்பும்போது வழிகாட்டி மூன்று விதிகள் சொன்னார். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச மூச்சு இல்லையென்றால் வேகம் ஜாஸ்தி. இரண்டாவது, யார் மெதுவாக நடக்கிறாரோ அவர்தான் முன்னால் போக வேண்டும். மற்றவர்கள் அவர் பின்னால். மூன்றாவது, தலைவலியோ வாந்தியோ தூக்கமின்மையோ எதுவானாலும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது விதி எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. வீட்டில் நாம் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவர்கள்; தெருவில் நடந்தால் இவர்கள் நாலடி முன்னால், நாம் பின்னால் ஓட்டமும் நடையுமாய். இங்கே என் ஓரகத்தி முன்னால் நடக்க, சாப்ட்வேர் கம்பெனிப் பையன்கள் நாலு பேர் அவள் பின்னால் பூனை மாதிரி வந்தார்கள்!

ஏழு மணி நேரம் ஆயிற்று. பக்கத்திலேயே லக்ஷ்மண கங்கை இரைந்துகொண்டு வருகிறாள். நனைந்த கல்பாதை, கழுதைச் சாணத்தின் நாற்றம், மழைக் கோட்டுக்குள் வேர்வை... சுகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேவதாரு வாசனையோடு வருகிற குளிர்காற்று முகத்தில் பட்டதும் எல்லாம் போய்விடும்.

காங்கரியா 3,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. எங்கள் அறையில் கம்பளியே ஈரமாயிருந்தது. வென்னீர் வாளிக் கணக்கில் விலைக்கு. ஊர் பூராவும் குக்கர் விசில் சத்தம்! காரணம் கேட்டால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது என்கிறார்கள். உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், அங்கே தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே என்று பார்த்தால் சூடு போதாது. அதே காற்றைத்தான் நாமும் சுவாசிக்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள். கீழே நமக்கு 100 பங்கு பிராணவாயு கிடைக்கிறதென்றால், அங்கே சுமார் 70 பங்குதான்.

தலையில் வைக்க ஒரு பூ இல்லை!

அடுத்த நாள் பள்ளத்தாக்கு. ஜூன் முதல் அக்டோபர் வரையில்தான் திறந்திருக்கும். பூக்கள் நிறையப் பூப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. உள்ளே தங்க அனுமதியில்லை; காலையில் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். பூப் பறிக்கவும் கூடாது. பூ வைக்காமல் வாசல் தாண்டாத என் ஓரகத்தி, "இத்தனை பூவுக்கு நடுவுல ஒரு பூ தலையில வைக்க முடியலையே!" என்று அங்கலாய்த்தாள்.

புஷ்பாவதி ஆற்றின் பாலத்தைத் தாண்டிச் செங்குத்தான ஏற்றம். அப்புறம் திடீரென்று பள்ளத்தாக்கு விரிகிறது. ஆனால் எங்களுக்கு விரிந்ததோ மூடுபனி! பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மழைத் தூறல் வேறு. ஒரு பையன், "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று உட்கார்ந்தேவிட்டான்.

வழிகாட்டிக்குக் கவலையே இல்லை. "தூரத்தில் தெரியாவிட்டால் பக்கத்தில் பாருங்கள்" என்று குனிந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆளுயரத்துக்கு நின்றது ஒரு செடி. பூ ரோஜா நிறம். எங்கேயோ பார்த்த முகமாயிருக்கிறதே என்று பார்த்தால், நம் வீட்டுக் கொல்லைக் காசித்தும்பையின் உறவு! முற்றிய காயைத் தொட்டால் அதே மாதிரி வெடிக்கிறது. நாகம் படமெடுத்தது போல் ஒரு பூ. அது நம் சேனைக்கிழங்குக் குடும்பமாம். பட்டை உரிந்து காகிதம் போல் தொங்கும் பூர்ஜ மரம். அந்தப் பட்டையில்தான் அந்தக் காலத்தில் வடக்கே சுவடி எழுதினார்கள்.

ஒரே மாதிரி வெள்ளைப் பூவோடு ஒரு செடி பரவிக் கிடந்தது. அழகாயிருக்கிறதே என்றேன். "அது மற்ற செடிகளை அமுக்கிவிடுகிறது தீதி, வருஷா வருஷம் பிடுங்குகிறோம்" என்றார். 1982-ல் இதைத் தேசியப் பூங்காவாக்கி ஆடு மாடு மேய்வதை நிறுத்தினார்கள். மேய்ச்சல் நின்றதால்தான் அந்தச் செடி தலையெடுத்தது என்று சொல்கிறவர்களும் உண்டாம். 2005-ல் இந்தப் பள்ளத்தாக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

வெளியுலகுக்கு இந்த இடத்தைப் பிரபலமாக்கியவர் பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயர். 1931-ல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பும்போது வழியில் இதைக் கண்டாராம். ஊர் ஜனங்கள் அதற்கு முன்பே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இடம்தான்! அவர் எழுதிய புத்தகம் 1938-ல் வந்தது. அடுத்த வருஷமே ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணி செடிகளைச் சேகரிக்க வந்து, பாறையில் சறுக்கி விழுந்து, இங்கேயே இறந்துபோனார். வயது 54. பூக்களுக்கு நடுவே அவர் கல்லறை இருக்கிறது. ஜீப் இல்லாத காலத்தில், கடல் தாண்டி, 54 வயதில் இங்கே நடந்து வந்திருக்கிறார். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நாங்கள் ஏழு பெண்களும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

திரும்பலாம் என்று எழுந்த சமயம்தான் அது நடந்தது. யாரோ திரையை இழுத்த மாதிரி பனி விலகிற்று. எதிரே பனி மூடிய சிகரம், மேலேயிருந்து வெள்ளி நூலாக அருவிகள், கீழே ஆறு வரைக்கும் பூ... பூ... பூ! ரோஜா, மஞ்சள், ஊதா, வெள்ளை. கால் மணி நேரம் இருந்திருக்கும். மறுபடி மூடிவிட்டது. 'இதுக்கா இவ்வளவு தூரம்' என்ற பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். படம் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒன்றரை கிலோமீட்டர் பாக்கி

இனி கஷ்டமான நாளுக்கு வருகிறேன். ஹேம்குண்ட் 4,300 மீட்டருக்கு மேல். குரு கோவிந்த் சிங் முற்பிறவியில் தவம் செய்த இடமென்று சீக்கியர்கள் கும்பிடுகிற தலம். ஏரிக் கரையில் குருத்வாராவும், ஒரு லக்ஷ்மணர் கோயிலும் இருக்கின்றன. காங்கரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டர்தான்; ஆனால் அதற்குள் 1,200 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். மேலே தங்க முடியாது. மத்தியானத்துக்கெல்லாம் இறங்கத் தொடங்கிவிட வேண்டும்.

வழிகாட்டி தினமும் காலையில் ஒவ்வொருவரிடமும் கேட்பார்: தலைவலி இருக்கிறதா, தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா? அன்றைக்கு என் ஓரகத்தி, நான் வாயைத் திறக்கும் முன்னே, "நோ நோ, ஒண்ணுமில்லை" என்று கையை ஆட்டிவிட்டாள். ஆலு பரோட்டாவைத் தட்டில் பாதி வைத்துவிட்டதைப் பார்த்து, "என்னக்கா?" என்றேன். "இந்த ரொட்டி யாருக்கு இறங்குது? நார்த்தங்காய் இருந்தாக் கொடு" என்றாள். ரொட்டி பிடிக்காதவள் என்பதால் எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

நாலரை கிலோமீட்டர் தாண்டியிருப்போம். பத்தடி நடப்பாள், நிற்பாள். உதடு வெளுத்திருந்தது. ஒரு பாறைமேல் உட்கார்ந்தவள், அப்படியே திரும்பி வாந்தி எடுத்தாள். ஓடிப் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டேன். "தலை வெடிக்குதுடி" என்றாள். "எப்போலேர்ந்துக்கா?" "ராத்திரிலேர்ந்தே."

வழிகாட்டி அவள் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினார். கொரோனா சமயத்தில் எல்லார் வீட்டிலும் வாங்கினோமே, அதேதான். 74 காட்டியது. என்னுடையது 84. "எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை தீதி" என்று சொல்லி, பாதையில் ஒரு கோடு கிழித்து, குதிகால் விரல்நுனியைத் தொடுகிற மாதிரி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். தள்ளாடவில்லை. "நல்லது, இன்னும் முற்றவில்லை. ஆனால் மாதாஜி இதற்கு மேல் ஏறக் கூடாது. இப்போதே இறங்க வேண்டும்."

இன்னும் ஒன்றரை கிலோமீட்டர்! மேலே குருத்வாராவின் கூரைகூடத் தெரிகிற மாதிரி ஒரு பிரமை. அக்கா கெஞ்சினாள். "அரை மணி உட்கார்ந்துட்டு வரேன்னு சொல்லுடி. கழுதைல ஏத்தி விடச் சொல்லு." நான் ஹிந்தியில் சொன்னேன். மத்யமா வரைக்கும் படித்த ஹிந்தி! அவர் மரியாதையாக, ஆனால் உறுதியாகத் தலையை அசைத்தார். "கழுதையில் போனாலும் மேலே இருக்கிற காற்று அதே காற்றுதான். ஏரி அடுத்த வருஷமும் இருக்கும் மாதாஜி."

உதவிப் பையன் அவளைக் கூட்டிப் போவான், நீங்கள் ஏறலாம் என்றார் என்னிடம். "நீ போடி. எனக்காக நிக்காதே. எனக்கு ஒண்ணுமில்லை" என்றாள் அவளும்.

அந்த ஐந்து நிமிஷம் எனக்கு எப்படியிருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். கோபம் வந்தது. இரண்டு வருஷச் சீட்டு, நாலு மாதப் படிக்கட்டு, முழங்கால் வலி, வீட்டில் ஒவ்வொருவரையும் சமாதானப்படுத்தியது எல்லாம் கண்முன் வந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கீழே பார்த்தேன். அந்தப் பாறையிடுக்கில் நீல நிறத்தில் ஒரு பூ, பட்டுத் துணியைக் கசக்கி விரித்த மாதிரி இதழ்கள், நடுவில் மஞ்சள் மகரந்தம். நீலப் பாப்பி! நம் கசகசாவின் ஒன்றுவிட்ட தங்கை. இதைப் பார்க்கவே உலகத்தின் எங்கெங்கிருந்தோ வருகிறார்களாம். அது பாட்டுக்குக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். அக்காவுக்கு ஹிந்தி ஒரு வார்த்தை வராது. அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது. வழியில் மயக்கம் வந்தாலும் இவள் 'ஒண்ணுமில்லை' என்றுதான் சொல்வாள். அந்த 'ஒண்ணுமில்லை'க்கு அர்த்தம் தெரிந்த ஒருத்தி கூட இருந்தாக வேண்டும். "நானும் இறங்கறேன்" என்றேன்.

இறங்க இறங்க அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது. ஒரு டீக்கடையில் உட்கார்ந்து உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். மெல்லப் பேச ஆரம்பித்தாள். "என்னாலே எல்லாருக்கும் தொந்தரவு ஆயிடுமேன்னுதான் சொல்லலை. சின்னவனோட கல்யாணத்தப்போ ரெண்டு நாள் பித்தப்பை வலியோட பந்தி விசாரிச்சேனே, அப்போ யாருக்கு என்ன தெரிஞ்சுது?" பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். "அங்கே ஆஸ்பத்திரி பத்து நிமிஷத்துல இருந்துது. இங்கே என்ன பண்ணியிருப்பே நீ?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் கைகோத்து நடந்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் மற்றவர்கள் வந்தார்கள். ஏரியில் மேகம் மிதந்ததையும், லங்கரில் சுடச்சுடக் கிச்சடி போட்டதையும், பிரம்ம கமலம் பார்த்ததையும் சொன்னார்கள். அந்தப் பையன் இலையில் மடித்து நெய் வழியும் பிரசாதம் கொண்டு வந்து, முதலில் என் ஓரகத்தி கையில் வைத்தான். அவள் அன்றிரவு பருப்புப் பொடி சாதம் சாப்பிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினாள். மறுநாள் புல்னா வரைக்கும் தன் காலாலேயே இறங்கினாள்.

ஹேம்குண்ட் பார்க்காததில் எனக்கு வருத்தமில்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது மேலே கூட்டிப் போக மட்டும்தான் என்று நான் எண்ணியிருந்தேன். 'போதும், திரும்பு' என்று சரியான இடத்தில் சொல்வதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம் என்று இப்போது தெரிகிறது.

போக விரும்புகிறவர்களுக்கு

கடிதம் எழுதிய சகோதரிகளுக்காகச் சில குறிப்புகள்:

1. உயர மலை நோய் 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம். வயது, உடல் பலம் எதுவும் பார்க்காது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, தலைசுற்றல் ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். இருந்தால் மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, தள்ளாட்டம், பேச்சுக் குழப்பம் என்றால் ஆபத்து. ராத்திரியானாலும் உடனே கீழே இறங்கி, டாக்டரைப் பார்க்க வேண்டும். இதற்கு முதல் மருந்து இறங்குவதுதான்.

2. 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்குகிற இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காங்கரியாவில் வந்திறங்கிய மறுநாள் பள்ளத்தாக்கு, அதற்கடுத்த நாள் ஹேம்குண்ட் என்று வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு நாள் கூட இருந்தால் இன்னும் நல்லது.

3. கோவிந்தகாட்டிலிருந்து ஹேம்குண்டுக்கு 12.4 கிலோமீட்டர் ரோப்வே அமைக்க 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. வயதானவர்களுக்கு வரப்பிரசாதம்தான். ஆனால் கால் வலி மிச்சமாகுமே தவிர, காற்று கூடாது! எத்தனை சீக்கிரம் உயரம் போகிறோமோ அத்தனை கவனம் வேண்டும்.

4. அஸிட்டஸோலமைடு என்ற மாத்திரையை டாக்டர் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரை அங்கே வேண்டாம்.

5. இரும்புப் பூண் போட்ட கைத்தடி கோவிந்தகாட்டில் கிடைக்கிறது. இறங்கும்போது முழங்காலின் பாரத்தை அது ஓரளவு வாங்கிக்கொள்ளும். கால் விரல் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். புது ஷூவோடு போகாதீர்கள்.

6. அலைச்சலிலும் உயரத்திலும் மாதவிலக்கு நாள் தள்ளியோ முந்தியோ வரலாம். எதிர்பார்க்காவிட்டாலும் நாப்கின் எடுத்துப் போங்கள். உபயோகித்ததைக் காகிதத்தில் சுற்றி, ஒரு பையில் போட்டுக் கீழே கொண்டு வந்துவிட வேண்டும். மலையில் எறியக் கூடாது.

7. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், உப்பு நார்த்தங்காய் மூன்றும் கொஞ்சம் கொண்டு போங்கள். குமட்டலுக்கு நார்த்தங்காய்த் துண்டு வாய்க்கு இதம். தாகம் இல்லாவிட்டாலும் மணிக்கொரு தரம் தண்ணீர் குடியுங்கள். கழிப்பிடத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். மலையில் அது ஆகவே ஆகாது.

8. குழுவில் சேரும் முன் பணத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். வழிகாட்டிக்கு முதலுதவிப் பயிற்சி உண்டா, ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டு வருவார்களா, ஒருவருக்கு முடியாமல் போனால் கூட இறங்க இன்னொரு ஆள் உண்டா என்று கேளுங்கள். உங்கள் பாஷை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது ரொம்ப முக்கியம்.

கடைசியாக ஒன்று. வழிகாட்டி கேட்கும்போது, வீட்டில் சொல்கிற பதிலைச் சொல்லாதீர்கள். தலை வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டால் தப்பில்லை. என் ஓரகத்தி போன வாரம், "இன்னிக்கு எனக்கு இடுப்பு வலி, நான் சமைக்கலை" என்று முதல் தடவையாக வீட்டில் சொல்லியிருக்கிறாள். மச்சினர் ரசம் வைத்தாராம். உப்பு கொஞ்சம் ஜாஸ்தியாம்!